சுப்புராமன் சாரின் கப்பல் நேரம்

கப்பல் டூருக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். விசா, இன்சூரன்ஸ், போர்டிங் பாஸ் எல்லாம் ஆபீஸில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. காகிதத்தில் தப்பு நடந்தால் திருத்தித் தர யாராவது இருப்பார்கள். ஆட்களிடம் தப்பு நடந்தால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கப்பல் டூர் விற்கிறோம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கடலே இல்லாத ஊரில் யார் வருவார்கள் என்று கேட்பார்கள். வைகையில் கொஞ்சம் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிற ஊர் இது. கண்ணுக்கு எட்டின தூரம் வரை தண்ணீர் என்றால் சும்மா விடுவார்களா? நான் ஓய்வு பெறுகிறவரை ஒரு குரூப் கூட ஆள் இல்லாமல் நின்றதில்லை.

நம்மிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. முதல் தடவை கப்பல் ஏறுகிறவர் எல்லாவற்றையும் உங்களைக் கேட்பார். அடிக்கடி போகிறவர் எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்வார். முதல் வகையால் உங்களுக்குத் தூக்கம் போகும். இரண்டாவது வகையால் வேலையே போகலாம். ஆனால் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இரண்டாவது வகையிடம்தான். அதில் சுப்புராமன் சாரும் கமலாபாயம்மாவும் தனி ரகம்.

சுப்புராமன் சார் ஜவுளி வியாபாரம் பார்த்தவர். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு கப்பல் கப்பலாக ஏற ஆரம்பித்தார். எத்தனை கப்பல் ஏறியிருக்கிறார்கள் என்பதிலேயே அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு கிடையாது. பாதியில் திரும்பிய கப்பலைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை மட்டும் தமிழில் போடுவார்கள். சண்டைக்குச் சாட்சி வேண்டுமில்லையா?

நான் சொல்லப் போகிற பயணம் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, ஃபுகெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குவது. கிளம்புவதற்கு முந்தின வாரம் எல்லாரையும் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டி விவரம் சொல்வது நம் வழக்கம். நான் மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னதுதான் தாமதம், சுப்புராமன் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"அனுபவஸ்தன்ங்கிற முறையில ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேம்மா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கப்பலில் ஏறின உடனே சூட்கேஸ் கைக்கு வராது, சாயங்காலம்தான் அறைக்கு வரும். அதனால் மாற்றுத்துணியும் மாத்திரையும் கைப்பையில் இருக்கணும். நடுக்கடலில் போன் சிக்னல் காட்டும், சந்தோஷப்படாதே, அது சாட்டிலைட் சிக்னல், பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும், ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடு. அறைச் சுவர் எல்லாம் இரும்பு, நாலு காந்தக் கொக்கி கொண்டுபோனால் ஈரத்துண்டு தொங்கவிடலாம். குமட்டல் வருகிறவர்கள் இஞ்சி மரப்பா வைத்துக்கொள்ளணும், கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுக்கணும்.

"கீழ்த்தளத்துல எடுத்தா மூச்சு முட்டும்" என்றார் கமலாபாயம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "மேல, பால்கனியோட எடுங்க. காத்து வந்தா குமட்டாது."

"பஃபேயில முதல் ரவுண்டு கையைக் கட்டிக்கிட்டுப் போகணும். எல்லாத்தையும் பார்த்துட்டு அப்புறம் தட்டை எடுக்கணும்" என்றார் சார்.

"இவர் பார்த்துட்டு வாரதுக்குள்ள நல்லது எல்லாம் காலியாயிரும். நான் தட்டோடதான் போவேன்."

ஹாலில் இருந்தவர்கள் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோலத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் மட்டும் அசையவில்லை. மேலூர்ப் பக்கம் ரைஸ்மில் வைத்திருக்கிற பெரியகருப்பன் அண்ணே. பக்கத்தில் அவர் மனைவி பாண்டியம்மாள். சிங்கப்பூரில் இருக்கிற மருமகன் அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசு இந்தப் பயணம்.

"மாப்ள ஆசையாக் குடுத்துட்டாரு, மறுக்க முடியல தாயி" என்றார் அண்ணே என்னிடம். "இல்லாட்டி தரையில நல்லா இருக்குற மனுசன் எதுக்குத் தண்ணிக்குள்ள போறேன்?"

தடை செய்த பொருள் ஏதாவது எடுத்து வருகிறீர்களா என்று எல்லாரையும் கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். இந்தக் கேள்வியை இப்படிக் கேட்கக்கூடாது என்பது எனக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் புரிந்தது.

கப்பலில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் பாதுகாப்பு அறையிலிருந்து கூப்பிட்டார்கள். போனால் பாண்டியம்மாளின் சூட்கேஸ் திறந்து கிடக்கிறது. மேசைமேல் ஒரு ரைஸ் குக்கர். அதன் பக்கத்தில், பட்டுப்புடவையில் சுற்றியிருந்ததைப் பிரித்து வைத்த அரிவாள்மணை.

அதிகாரி பிலிப்பைன்ஸ்காரர். மரியாதையான மனிதர். அரிவாள்மணையின் பலகையைப் பிடித்துக் கத்தியைப் போலத் தூக்கிப் பார்த்தார். வசதிப்படவில்லை. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "மேடம், இதை வைத்து எப்படித் தாக்குவார்கள்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பலகையைக் காலால் அமுக்கி, இல்லாத வெங்காயத்தை இரண்டு கையாலும் பிடித்து நறுக்கிக் காட்டினேன். கண்ணீர் துடைப்பதுபோலவும் காட்டினேன். அறையில் இருந்த மூன்று காவலர்களும் சுற்றி வந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் வெண்டைக்காய்க்கும் இதேதானா என்று கேட்டார்.

எல்லாம் புரிந்த பிறகும் அதிகாரி, "ஆயுதப் பிரிவில்தான் சேர்க்க வேண்டும், இறங்கும்போது தருகிறேன்" என்றார்.

பாண்டியம்மாளுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் இடுப்பில் கை வைத்தார். "வெங்காயம் வெட்டுறது ஆயுதம்னா, எங்க ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் பட்டாளம்தான்னு சொல்லு இவன்ட்ட."

"எதுக்கும்மா இதைக் கொண்டு வந்தீங்க?"

"எல்லா வசதியும் உள்ள ரூமுன்னு மாப்ள சொன்னாரே. அடுப்படி இருக்கும், அருவாமணை இருக்குமான்னு யோசிச்சேன்."

அன்றிலிருந்து நான் தடை செய்த பொருளைப் பற்றிக் கேட்பதில்லை. "எது இல்லாமல் உங்களுக்கு ஒரு நாள் ஓடாது?" என்று கேட்பேன். உண்மை தானாக வந்துவிடும். அரிவாள்மணை, அயர்ன் பாக்ஸ், ஒருமுறை ஒரு பெரிய அம்மி கூட வந்தது. நீங்களும் அப்படியே கேளுங்கள்.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. எல்லா அறைக்கதவும் ஒரே மாதிரி இருக்கும், அடையாளத்துக்கு ஏதாவது மாட்டுங்கள் என்று கமலாபாயம்மா சொன்னதைக் கேட்டு, பாண்டியம்மாள் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டினார். அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் உள்ளே கல்யாணம் நடக்கிறதென்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான். நீச்சல் குளத்தோரம் நாற்காலி பிடிக்கத் துண்டு போட்டு வைப்பது உலகத்தில் எல்லா நாட்டுக்காரனுக்கும் உள்ள வியாதி. அதைக் கண்டிக்கக் கப்பலில் தனியாக ஆளே உண்டு. நம் ஆட்களைப் பற்றிப் புகார் வந்தபோது பெரியகருப்பன் அண்ணே கேட்டார்: "மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியாத் துண்டு போட்டா சீட்டு நம்மளுது. இங்க மட்டும் எப்படி இல்லைம்பான்?"

மூன்றாம் நாள் ஃபுகெட். அங்கே கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகுகளில் கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள், அதே படகில் திரும்பணும். அன்று கடைசிப் படகு ஐந்து மணிக்கு. இங்கேதான் கவனிக்க வேண்டும். தாய்லாந்து கடிகாரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. அதாவது கரையில் நாலு அடிக்கும்போது கப்பலில் ஐந்து. போன் கரையில் இறங்கினதும் தானாகவே ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். போனை நம்பினால் படகு போயிருக்கும்.

படகு ஏறுகிற தளத்தில் எல்லாரையும் நிறுத்தி இதைச் சொன்னேன். "கப்பல் நேரம்தான் நம் நேரம். கைக்கடிகாரத்தைத் தொடாதீங்க. போனைப் பார்க்காதீங்க."

சுப்புராமன் சார் சிரித்தார். "போன தடவை இதே ரூட்டுல கப்பலே நேரத்தை மாத்துச்சும்மா. ராத்திரி அறிவிப்புக் குடுப்பான், கடிகாரத்தைப் பின்னால தள்ளிக்கணும். நான் தள்ளிட்டேன்."

"அது வேற கப்பல்" என்றார் கமலாபாயம்மா. "இவன் மாத்தலை."

"அறிவிப்பு உனக்குக் கேட்டிருக்காது."

"கேட்காத அறிவிப்பைக் கேட்டமாதிரி தள்ளினது நீங்க."

நான் மறுபடி அழுத்திச் சொன்னேன். சார் தலையாட்டினார். ஒத்துக்கொள்கிற தலையாட்டல் ஒன்று உண்டு. "பாவம், ஆபீஸில் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறது" என்கிற தலையாட்டல் இன்னொன்று உண்டு. ஜவுளிக்கடையில் அத்தனை வருஷம் வாடிக்கையாளரிடம் ஆட்டிப் பழகிய தலை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

கரையில் இறங்கியதும் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நேரத் தகராறு அப்படி முற்றியிருந்தது. கமலாபாயம்மா பாண்டியம்மாளோடு கடை பார்க்கக் கிளம்பினார். சார் தனியாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் படகுத்துறையில் ஆட்களை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. யார் என்று பார்க்கவே வேண்டியதில்லை. கமலாபாயம்மா முகத்தில் எழுதியிருந்தது.

"வரட்டும். தெரியட்டும்" என்றார். கொஞ்ச நேரத்தில், "போன் போடுங்க" என்றார். போட்டோம். அணைத்து வைத்திருந்தார். ஏரோப்ளேன் மோட்! அவரே எங்கள் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தது.

கடைசிப் படகு தயாராக நின்றது. கையில் வாக்கிடாக்கி வைத்திருந்த கப்பல் ஊழியர் என்னிடம் வந்து, இன்னும் கால் மணி நேரம், அதற்குமேல் முடியாது என்றார். கப்பல் தனி ஒருவருக்காக நிற்காது. விடுபட்டவர் தன் செலவில் விமானம் பிடித்து அடுத்த ஊருக்கு வந்து சேர வேண்டியதுதான். இதையும் மைக்கைப் பிடித்து எங்களுக்குச் சொன்னவர் சுப்புராமன் சார்தான்.

அப்போதுதான் கமலாபாயம்மா கைப்பையைத் திறந்தார். சாருடைய சர்க்கரை மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை எல்லாம் அதில் இருந்தது. "சாயங்கால மாத்திரை போடலைன்னா தலை சுத்தும் அவருக்கு" என்றவர் குரல் உடைந்தது. மாத்திரை இங்கே, பாஸ்போர்ட் கப்பலில், ஆள் எங்கோ.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? உடனே தேட ஓடுவீர்கள். நானும் ஓடத்தான் காலை எடுத்தேன். அப்புறம் நின்றேன். ஒருவரைத் தேடப் போகுமுன், மீதிப் பேரை என்ன செய்வது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் போகணும். இல்லாவிட்டால் தேடப்போனவரையும் சேர்த்து இரண்டு பேர் காணாமல் போவார்கள், மீதிப் பேர் துறையில் நின்று அழுவார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டேன். எல்லார் பாஸ்போர்ட் நகலும் என்னிடம் உண்டு. படகில் இருந்தவர்களிடம் சொன்னேன்: "நான் வரலைன்னா நீங்க போயிருங்க. நான் சாரோட இங்கேயே இருந்து, பின்னால கூட்டிட்டு வந்துருவேன். கப்பல்ல விசாரணை டெஸ்க்ல சொல்லிருங்க, அவங்க பார்த்துக்குவாங்க."

பெரியகருப்பன் அண்ணே படகு வாசலில் நின்றிருந்தார். "நீ போ தாயி. படகு எங்கயும் போகாது" என்றார். எப்படி என்று கேட்க நேரமில்லை.

"சார் எங்கே போயிருப்பாரும்மா?"

கமலாபாயம்மா ஒரே மூச்சில் கோயில், துணிக்கடை, கடற்கரை, மீன் மார்க்கெட், பொம்மைக் கண்காட்சி என்று அடுக்கினார். அத்தனையையும் கால் மணியில் பார்க்க முடியாது. நான் அவர் மதுரை ஹாலில் பேசியதை நினைத்துப் பார்த்தேன். தான் சொல்கிற விதியைத் தானே மீறாத மனிதர் அவர். கரைக்குப் போனால் கடைசி ஒரு மணி நேரம் துறையிலிருந்து கூப்பிடு தூரத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு மணி நேரம் நடக்கவும் கூடாது, காலுக்கு ஓய்வு கொடுக்கணும், கப்பலில் படி அதிகம் என்றார். தன் கணக்கில் அவருக்கு இப்போது சரியாகக் கடைசி ஒரு மணி நேரம். அப்படியானால் பக்கத்தில்தான் எங்கோ காலை நீட்டி உட்கார்ந்திருக்கணும்.

அடிக்கடி பயணம் போகிறவர்கள் டிப்ஸ் சொல்லும்போது கொட்டாவி விடாமல் கேளுங்கள். கடலைப் பற்றி அது சரியாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அவரைப் பற்றி அதில் தப்பே இருக்காது.

படகுத்துறைக்கு எதிரே வரிசையாகக் கால் பிடித்துவிடும் கடைகள். உள்ளே எட்டிப் பார்க்காமல் வாசலில் கிடந்த செருப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டே வேகமாக நடந்தேன். நாலைந்து கடை தள்ளி, ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அதன் நாக்குத் துணியில் மார்க்கர் பேனாவால் "கே.சுப்புராமன், மதுரை" என்று தமிழில் எழுதியிருந்தது.

உள்ளே குளுகுளு ஏசி. சார் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கிறார். பேண்ட் முழங்காலுக்கு மேல் சுருட்டியிருக்கிறது. இரண்டு காலும் பூவிதழ் மிதக்கிற தண்ணீர்த் தொட்டியில்.

"சார், படகு கிளம்புது!"

ஒரு கண்ணைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்மா. நீங்களும் உட்காருங்க. நல்லாப் பிடிச்சு விடுறாங்க."

சிங்கப்பூர் நேரம், தாய்லாந்து நேரம் என்று விளக்க ஆரம்பித்தால் அவர் போன தடவைக் கப்பலுக்குப் போவார். அதற்கு முந்தின தடவைக் கப்பலுக்கும் போவார். வாதத்தில் நான் ஜெயிக்கலாம், படகு போய்விடும். அவரை எழுப்ப நேரத்தைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும்.

"சார்" என்றேன். "மேடம் ஒத்துக்கிட்டாங்க."

இரண்டாவது கண்ணும் திறந்தது. "என்னத்தை?"

"நீங்க சொன்னதுதான் சரின்னு. எல்லார் முன்னாலயும் சொல்லணுமாம். படகுல காத்திருக்காங்க. உடனே வந்தாத்தான் சொல்வாங்க போல, மனசு மாறிட்டா..."

நான் வாக்கியத்தை முடிக்கவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் தெறித்தது. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சுருட்டிய பேண்டோடு, வெறுங்காலோடு, அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு கணுக்காலில் ரோஜா இதழ் ஒட்டியிருந்தது. கடைக்காரப் பெண்ணிடம் கையில் இருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் ஓடினேன்.

துறையில் ஒரே கூச்சல். பெரியகருப்பன் அண்ணே வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலைப் படகிலும் ஒரு காலைத் துறைக்கல்லிலும் ஊன்றி நிற்கிறார். படகு ஆடுகிறது, கால் இரண்டும் விரிகிறது, சுருங்குகிறது, விரிகிறது. வாக்கிடாக்கிக்காரர் ஆங்கிலத்தில் கத்துகிறார். படகோட்டி தாய் மொழியில் கத்துகிறான். அண்ணே மேலூர் மினிபஸ் கண்டக்டரிடம் பேசுவதுபோலத் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, செத்த பொறுங்கண்ணே. ஒரு ஆளு வந்துக்கிட்டே இருக்காரு. அந்தா வந்துட்டாரு பாருங்க!"

உள்ளே இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறார்கள். இதை நீங்கள் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். பஸ்ஸுக்கு அடியில் தார் ரோடு, படகுக்கு அடியில் கடல்.

சார் வந்து படகில் விழுந்தார். அண்ணே காலை எடுத்தார், அதோடு "ஆத்தாடி" என்று தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். படகு நகர்ந்தது.

சார் மூச்சு வாங்கிக்கொண்டே மனைவியைப் பார்த்தார். "என்னமோ சொல்லணும்னியாமே?"

நான் சொன்ன பொய் அந்த அம்மாவுக்குத் தெரியாது. கண் சாடை காட்டலாம் என்றால் அவர் என் பக்கமே திரும்பவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழில் சொன்னார்.

"நீங்க சொன்னதுதான் சரி."

அந்த நேரம் பார்த்துக் கப்பல் சங்கு ஊதியது. புறப்படப் போகிற சங்கு. சார் தன் கடிகாரத்தைப் பார்த்தார், வாக்கிடாக்கிக்காரரின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். தான் தப்பு என்பது அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தப்பு என்று தெரிந்த அதே நொடியில், கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை கிடைத்திருக்கிறது. பாவம், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? குனிந்து ஷூவைப் போட ஆரம்பித்தார்.

என்ன நடந்தது என்பதைப் பாண்டியம்மாள் பிறகு சொன்னார். நான் தேடப் போயிருந்தபோது கமலாபாயம்மா அழுதாராம். "ஏதாச்சும் வேண்டிக்கங்கம்மா" என்று இவர் யோசனை சொல்லியிருக்கிறார். மொட்டையா, தங்கமா என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. "அதெல்லாம் யாரும் செய்வாக. உங்களால விடவே முடியாத ஒண்ணை விடுறேன்னு வேண்டிக்கங்க." அந்த இடத்திலேயே கமலாபாயம்மா மீனாட்சியை நினைத்துக் கும்பிட்டு, மனுஷன் பத்திரமாக வந்தால் இனி அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசமாட்டேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம்தான் உண்மையான நெருக்கடி ஆரம்பித்தது.

"இந்த டேபிள்ல உட்காருவோமா?" என்பார் சார். "நீங்க சொன்னா சரி." "நாடகம் பார்க்கப் போகலாமா, வேண்டாமா?" "உங்க இஷ்டம்." பஃபேயில் அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு முதல் ரவுண்டு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சார் அன்று ராத்திரி முழுக்க யாருக்கும் ஒரு டிப்ஸ் சொல்லவில்லை. மறுக்க ஆளில்லாமல் அவருக்குச் சொல்லவே வரவில்லை. மறுநாள் முழுக்க நடுக்கடல். காலையில் என் அறைக் கதவைத் தட்டினார்.

"ஏதாச்சும் செய்யுங்கம்மா. அவ ஒத்துக்கிட்டே இருக்கா."

"நல்லதுதானே சார்?"

"கேட்க நல்லா இருக்கும். கூட இருந்து பாருங்க, யாரோ தெரியாதவங்க வீட்டுல விருந்தாளியா இருக்குற மாதிரி இருக்கு."

வேண்டுதலை முறித்துவிடுங்கள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? நம் பயிற்சியில் இதற்குப் பாடம் கிடையாது. எனக்குத் தோன்றியதெல்லாம், ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். எல்லாச் சிக்கலையும் நாம்தான் அவிழ்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். "பெரியகருப்பன் அண்ணனைப் போய்ப் பார்த்தீங்களா? உங்களுக்காக நின்னவர், எந்திரிக்க முடியாமக் கெடக்கார்" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணே மாவிலைத் தோரணம் கட்டிய அறையில் தொடையில் தைலம் பூசிப் படுத்திருந்தார். கமலாபாயம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். சுப்புராமன் சார் கட்டில் பக்கம் உட்கார்ந்தார். காலுக்கு என்ன செய்யணும் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டார்.

"அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்?"

அந்தப் பயணத்தில் அவர் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அண்ணே யோசித்தார். "கொஞ்சம் ரசம் கெடைச்சா நல்லாருக்கும். வாயெல்லாம் சப்புன்னு கெடக்கு."

சார் தானே சமையலறை வரைக்கும் போனார். இந்தியச் சமையல்காரர் ஒருவர் இருந்தார், வட இந்தியர். எப்படிச் செய்யணும் என்று இவர் சொல்ல, அவர் தலையாட்டியிருக்கிறார். தலையாட்டலைப் பற்றி முன்பே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளிமூடி போட்ட தட்டு அறைக்கு வந்தது. மூடியைத் திறந்தால், காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையில் இளஞ்சிவப்பாக ஏதோ. மேலே கிரீமை ஒரு கீற்றாக வட்டமாக ஊற்றி, நடுவில் ஒரு இலை.

அண்ணே ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார். "சார் இம்புட்டுத் தூரம் போயிக் கொண்டாந்தது" என்றார்.

சார் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது, உடனே நேராக்கிக்கொண்டார். ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"பிரமாதம்" என்றார். "உண்மையைச் சொல்லணும்னா, நம்ம வீட்டு ரசத்தைவிட நல்லா இருக்கு."

கமலாபாயம்மா கையைப் பிசைந்தார். சுவரைப் பார்த்தார். கோப்பையை வாங்கி நாக்கில் வைத்தார்.

"என்ன கமலா? நான் சொல்றது சரிதானே?"

"இது ரசமா?" வெடித்துவிட்டார் அந்த அம்மா. "தக்காளியைக் கழுவின தண்ணியில கிரீமைக் கொட்டிக் குடுத்திருக்கான், இது ரசமா? நாக்கு செத்துப்போச்சா உங்களுக்கு? அத்தனை வருஷம் புளி கரைச்சு, மிளகு தட்டி ஊத்தினேனே, அதைவிட இது நல்லாருக்காம்! கடிகாரம்தான் பார்க்கத் தெரியலைன்னு நெனைச்சேன்..."

பாண்டியம்மாள் மெதுவாக அவர் கையைத் தொட்டார். "அம்மா, வேண்டுதல்..."

கமலாபாயம்மா ஒரு நொடி நின்றார். "மீனாட்சி மதுரைக்காரிதானே? ரசத்துக்காகச் சண்டை போட்டா கோவிச்சுக்க மாட்டா" என்றவர், விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டார். கடிகாரம், கால் பிடிக்கிற கடை, போன தடவைக் கப்பல், அதற்கு முந்தின கப்பல், எல்லாம் வந்தது. நல்ல தமிழில், மூன்று சாட்சி முன்னால்.

சுப்புராமன் சார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். திட்டு வாங்க அப்படி வசதியாக உட்கார்ந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.